ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு வைத்த அன்று

வண்டியின் டிக்கியைத் திறந்ததும் முதலில் மூக்கை உள்ளே விடுங்கள், தம்பிகளே. கையை அப்புறம் விடலாம். மீட்டர் எல்லாம் அதற்கும் அப்புறம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நான் படித்ததே எட்டாவது வரைக்கும்தான். கொல்லிமலை மேலே, ஒரு கோயில் வாசலில், ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை ஒரு பாட்டுப்பெட்டியில் மாட்டிக்கொண்டு நின்ற அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

வண்டிகளுக்குப் பாட்டு செட் பொருத்தும் நம் சங்கத்துத் தம்பிகள் நீங்கள் வந்து, "அண்ணா, நீங்க கடையை மூடிட்டீங்க, பார்த்ததையாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். ஒயரிங் எப்படிப் போடுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதில் என்னைவிட நீங்கள் கெட்டி. இப்போது வருகிற வண்டிகளின் செட்டைத் திறந்தால் எனக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் நம் வேலையில் கம்பியைவிட மனிதர்கள் அதிகம். வண்டி ரிப்பேர் ஆனால் வண்டியைத் திட்டுவார்கள். பாட்டு நின்றுபோனால் யாரைத் திட்டுவார்கள் என்று சொல்லவே முடியாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கடை அடிவாரத்தில், மலைக்குப் போகும் ரோட்டின் மேலேயே இருந்தது உங்களுக்குத் தெரியும். காலையில் முருகன் படத்துக்கு விளக்கு வைத்துவிட்டு ஷட்டரைத் தூக்கினால், முதல் போணி பெரும்பாலும் மலைக்காரர்கள்தான். இரண்டாயிரத்துக்கு அப்புறம் மலையில் ஜீப்பும் வேனும் பெருகின. மிளகு போட்டவர்கள், மரவள்ளி போட்டவர்கள் எல்லாம் வண்டி வாங்கினார்கள். வாங்கினவர்கள் எல்லோருக்கும் வூஃபர் என்னும் அதிர்வு ஸ்பீக்கர் வேண்டும். கம்பெனி வைத்து அனுப்பும் செட்டில் பாட்டு கேட்கும், அவ்வளவுதான். நெஞ்சில் வந்து இடிக்காது. இவர்களுக்கு நெஞ்சில் இடிக்க வேண்டும்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள்; அப்படி எடப்புளி நாட்டிலிருந்து ஒரு ஜீப்காரர் வருவார். எங்கேயோ யாரோ பொருத்திக் கொடுத்த வூஃபர் பெட்டியோடு ஒரு நாள் வந்து நின்றார். பெட்டியை ஸ்க்ரூ போட்டு இறுக்காமல் சும்மா வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அது ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடியிருக்கிறது.

"ஏனுங்ண்ணா, இது பாடறதுக்கு வாங்குனதுங்களா, இடிக்கறதுக்கு வாங்குனதுங்களா? மலை ஏறி முடியறவரைக்கும் பின்னால இருந்து இடிச்சுக்கிட்டே வருதுங்க, என்ற மாமியா மாதிரி" என்றார்.

"மாமியாளையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கிடலாங்களா?"

"அதுக்கு ஸ்பேனர் இன்னும் யாரும் செய்யலீங்ண்ணா."

அன்றிலிருந்து அவர் என் சிநேகிதர். மலை மேலே செம்மேட்டில் யாராவது வேலை வைத்திருந்தால் சொல்லி அனுப்புவார். நான் கருவிப் பையோடு பஸ்ஸில் ஏறிப் போய்விடுவேன். நான் சொல்லப் போகிற அன்றைக்கும் செம்மேட்டில் அவர் ஜீப்புக்குள்தான் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கு ஒரு வாரம் முன்னால் கடையில் ஒரு வேலை முடித்திருந்தேன். அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு விவசாயக் குடும்பம். சொந்தத் தோட்டம், கிணறு, நல்ல மனிதர்கள். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பெண்ணின் அப்பா ஒரு பெரிய வண்டி வாங்கிக் கொடுத்திருந்தார். குடும்பமே உட்காரும் வண்டி, கம்பெனி செட் உள்ளேயே பதிந்திருக்கும். அந்த மாப்பிள்ளைப் பையன் வண்டியைக் கொண்டுவந்து, "அண்ணா, செட்ட மாத்த வேண்டாங்க. மாமனார் வாங்கிக் குடுத்தது, அது அப்பிடியே இருக்கோணும். ஆனா பாட்டு அதிரோணும்" என்றான்.

நல்ல பையன். மாமனார் கொடுத்ததில் கை வைக்க மனசு வரவில்லை, ஆசையும் விடவில்லை. அந்தக் கம்பெனி செட்டில் ஆம்ப்ளிஃபயருக்கு என்று தனியாக வழி எதுவும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே சத்தத்தை எடுத்து, நடுவில் ஒரு சின்ன கன்வர்ட்டர் வைத்து, ஆம்புக்குக் கொடுத்தேன். கதவு ஸ்பீக்கர்கள், வூஃபர் எல்லாமே ஆம்பிலிருந்துதான் பாடும். ஆம்பை வூஃபர் பெட்டியின் மேலேயே படுக்க வைத்துப் பொருத்தினேன். டிக்கியைத் திறந்தால் நீல விளக்கோடு பளபளவென்று தெரிய வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். போட்டுக் காட்டியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போனபோதுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

நான் செம்மேட்டில் இருந்த அன்றைக்கு விடிகாலையில்தான் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டியதும் பெண்ணை நேரே வீட்டுக்குள் கூட்டிப்போய்விட மாட்டார்கள். மலை மேலே அரியூர் நாட்டுப் பக்கம் இருக்கும் அம்மன் அவர்களுக்குக் குலதெய்வம். அங்கே புதுப்பெண் பொங்கல் வைத்து, அம்மனிடம் உத்தரவு வாங்கிய பிறகுதான் வீட்டுப்படி ஏறி விளக்கேற்ற வேண்டும். அதுவரைக்கும் அவள் விருந்தாளிதான்.

அன்று மத்தியானம் செம்மேட்டில் நான் வேலையில் இருந்தபோது ஒரு வேன் வேகமாக வந்து நின்றது. மாப்பிள்ளைப் பையன் இறங்கி ஓடி வந்தான். பட்டு வேட்டி, கழுத்தில் மாலை போட்ட தடம் இருந்தது. முகம் செத்துப் போயிருந்தது.

"அண்ணா, கடைக்குப் போன் போட்டேன், நீங்க இங்க இருக்கறதா உங்க வீட்டு அக்கா சொன்னாங்க. உடனே வாங்கண்ணா. வண்டி பேச மாட்டேங்குது."

"பேச மாட்டேங்குதுன்னா? ஸ்டார்ட் ஆகலீங்களா?"

"ஸ்டார்ட் ஆகுதுங்க. பாட்டு நின்னு போச்சுங்க. அவ ஏறி உக்காந்ததும் டப்புனு ஒரு சத்தம். புகை வாசம். அதோட சரி." சற்று நின்று, தாழ்ந்த குரலில் சொன்னான். "என்ற அத்தை என்னென்னமோ பேசறாங்கண்ணா."

எனக்குப் பாதி புரிந்தது. எடப்புளிக்காரர் தம் ஜீப்பின் மூடியைப் படாரென்று சாத்தினார். "வேன்ல ஏறுங்ண்ணா, என்ற ஜீப்பு பொறவு பாத்துக்கலாம். அது எப்பவும் ஊமைதான்."

கோயில் வாசலுக்கு நாங்கள் போனபோது பொங்கல் முடிந்திருந்தது. வேறு குடும்பம் ஒன்று காது குத்துக்கு வந்து, நாதஸ்வரமும் தவிலுமாக ஒரு பக்கம் முழங்கிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து மஞ்சு வெள்ளை மூட்டமாக இறங்க ஆரம்பித்திருந்தது. வண்டி மரத்தடியில் நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் மாலை, கண்ணாடியில் திருநீற்றுப் பட்டை. நாலு கதவும் திறந்து கிடந்தன. ஒருவரும் உள்ளே இல்லை.

புதுப்பெண் வண்டிக்குப் பத்தடி தள்ளித் தனியாக நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. எனக்கும் பெண்பிள்ளை இருக்கிறது.

வண்டிக்கு மறுபக்கம் சொந்தக்காரர்கள் கூட்டம். நடுவில் மாப்பிள்ளையின் அத்தை, அவன் அப்பாவின் கூடப் பிறந்தவர். குரல் கோயில் வாசல் முழுக்கக் கேட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலையப்பா. கண்ணுல பாத்ததத்தான் சொல்றேன். நாங்க ஏறி உக்காந்து வந்தப்ப நல்லாப் பாடுச்சு, இவ அவங்கூட்டு வேன்லதான் வந்தா. பூசை முடிஞ்சு, இவ கால வெச்சா, அவிஞ்சு போச்சு. இந்த வண்டில எழுபது வளைவு எறங்கோணுமா? நான் பஸ்ஸுல போய்க்கறேன் சாமி."

"பஸ்ஸுல பாட்டு போடுவாங்களா சின்னம்மா?" என்று கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான். யாரோ அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

பெண்ணின் அப்பா ஓரமாக நின்றார். தோளில் துண்டு இல்லை, கையில் மடித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து, பிறகு சம்பந்தி வீட்டாரைப் பார்த்துச் சொன்னார். "வண்டிய நானே கொண்டுபோயிக்கறனுங்க. வேற வேணும்னாலும் பாத்துக்கலாம். புள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. இன்னைக்குத்தானுங்களே தாலி ஏறுச்சு…"

தம்பிகளே, இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். அன்றைக்கு அந்த வண்டி அந்தப் பெண் இல்லாமல் மலை இறங்கியிருந்தால், அவளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தால், அவள் அந்த வீட்டில் எத்தனை வருஷம் வாழ்ந்தாலும் அது போகாது. பால் திரிந்தாலும் அவள்தான், மாடு செத்தாலும் அவள்தான் என்று ஆகிவிடும். அத்தை கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். பயந்தவர்கள் பேச்சுக்குத்தான் கூட்டம் சீக்கிரம் சேரும்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "என்ன ஆச்சு, சொல்லு" என்று நாலு பக்கமும் கேள்வி. அப்படிக் கேட்கும்போது ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு, முன்னால் போய் பானட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் நான் வைத்திருந்த பெரிய ஃப்யூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். ஃப்யூஸ் எரியவில்லை. அப்படியென்றால் ஒயர் எங்கேயும் நேராக வண்டித் தகட்டில் தொட்டு ஷார்ட் ஆகவில்லை. தீப்பிடிக்கும் பயமும் இனி இல்லை. முதல் மூச்சு அங்கே வந்தது எனக்கு.

பிறகு பின்னால் போய் டிக்கியைத் திறந்தேன். திறந்ததும் ஒரு வாசம்.

கருகின ஒயரின் நெடி நமக்குத் தெரியும். மூக்கில் ஏறி எரியும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் எரிந்தால் வேறு மாதிரி, மீன் கருகின மாதிரி. இது இரண்டும் இல்லை. இது சந்தனம். வறுபட்ட சந்தனம். கோயில் வாசலில் எல்லோர் நெற்றியிலும் கழுத்திலும் சந்தனம் மணக்கும்போது, யாருக்கும் அது தனியாகத் தெரியவில்லை. நான் குனிந்து ஆம்பைப் பார்த்தேன்.

ஆம்பின் ஓரத்தில் வரிசையாகப் பளபளக்கும் திருகுகள் இருக்கும் இல்லையா, ஒயரெல்லாம் வந்து சேரும் இடம்? அந்த ஒவ்வொரு திருகின் மேலும் ஈரச் சந்தனம் அப்பி, நடுவில் அழகாகக் குங்குமப் பொட்டு. ஒன்று விடாமல். சந்தனம் வழிந்து ஒரு திருகுக்கும் அடுத்த திருகுக்கும் பாலம் கட்டியிருந்தது. பிளஸ்ஸும் மைனஸும் சந்திக்கும் இடத்தில் கருத்துப் போயிருந்தது. மேலே மஞ்சள் தண்ணீர் தெளித்த சுவடு. தெளித்தது என்று சொல்லக் கூடாது, ஊற்றியிருந்தார்கள். சந்தில் ஒரு மாவிலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நானும் ஒவ்வொரு வேலையும் முடித்துத் திருநீறு பூசித்தான் சாவி கொடுப்பேன். வீட்டுக்கு வந்த புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் நம் ஜனங்களால் இருக்க முடியுமா? வண்டிக்குப் பூசை என்றால் ஸ்டியரிங்கில் இருந்து ஸ்டெப்னி வரைக்கும் வைப்பார்கள். அங்கே நீல விளக்கோடு ஒன்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தால், அதை மட்டும் விட்டுவிடுவார்களா?

யார் வைத்தது என்று எனக்குத் தெரியவில்லை. எடப்புளிக்காரர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அடேயப்பா, அபிசேகமே பண்ணிருக்கறாங்க" என்றார். வாயை மூடச் சொல்லிக் கை காட்டினேன். நல்ல மனிதர், உடனே மூடிக்கொண்டார்.

கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா கையில் இன்னும் சந்தனக் கிண்ணம் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்வீர்கள்? "இதோ பாருங்க, தண்ணி ஊத்தி வெச்சிருக்காங்க" என்று கூட்டத்துக்குக் காட்டினால் என் வேலை மேல் பழி இல்லை. நான் தப்பித்துக்கொள்வேன். ஆனால் சம்பந்தி வீட்டார் முன்னால், நாத்தனார் முன்னால், அந்த அம்மா தலை குனிவார். குனிந்த தலை வீட்டுக்குப் போனதும் யார் மேல் நிமிரும்? அந்தப் பெண் மேல்தான். சரி, "மிஷின் கோளாறுங்க" என்று பொதுவாகச் சொல்லலாம். அப்போது மிஷின் யாருடையது, வண்டி யார் கொடுத்தது என்று பேச்சு சுற்றிக்கொண்டு பெண்ணின் அப்பா கழுத்துக்கே வரும்.

எதைச் சொன்னாலும் அவள் மேல்தான் விழுகிறது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, கூட்டம் கேட்கிறது என்பதற்காகக் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த உண்மைக்கு உடையவர் ஒருவர் இருக்கிறார். அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் என்ன செய்கிறாரோ பார்ப்போம்.

"அம்மா, இந்த டார்ச்சக் கொஞ்சம் புடிக்கறீங்களா? ஒருத்தர் வெளிச்சம் காட்டுனா தேவல" என்று அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மஞ்சு அவ்வளவுக்கு இறங்கியிருந்தது.

வந்தார். டார்ச்சைப் பிடித்தார். நான் கருத்துப் போன திருகை விரலால் தொட்டுக் காட்டினேன். விரலில் ஒட்டிய சந்தனத்தை அவரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தார். டார்ச் வெளிச்சத்தைத் தன் கையில் இருந்த கிண்ணத்தின் மேல் திருப்பினார்.

"நானா தம்பி?" என்றார்.

"ஈரம் பட்டுருச்சுங்கம்மா. அவ்வளவுதான்."

"அம்மனுக்கு வெச்ச சந்தனம் தம்பி. அம்மன் பாதத்துல வெச்சு எடுத்தது. அதுல போயி கெட்டுப்போச்சுன்னா… அம்மனே வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆகாதா?"

பாருங்கள், அவருக்கு வந்த பயம் தன் மானத்தைப் பற்றி இல்லை. சாமியைப் பற்றி. நான் கருவியைக் கீழே வைத்துவிட்டு, என் சொந்த அக்காவிடம் பேசுகிற மாதிரிச் சொன்னேன்.

"அம்மா, நானும் சாமி கும்புடறவன்தானுங்க. அம்மன் நெத்தியில வெச்சா சந்தனம் குளுச்சியா இருக்குது. அதையே கரண்டு நெத்தியில வெச்சா, கரண்டு அதும்பட வேலைய அது செஞ்சுருது. கரண்டுக்குப் பக்தி தெரியாதுங்க, ஈரந்தான் தெரியும். நீங்க விளக்குத் திரியில தண்ணி ஊத்துனா அணையாதா? அணைஞ்சா சாமி கோவிச்சுக்கிச்சுன்னா சொல்லுவீங்க?"

நீண்ட மூச்சு விட்டார். கூட்டத்தைப் பார்த்தார். தனியாக நின்ற மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண் குனிந்தபடியே நின்றிருந்தாள், அழவில்லை. அழுதால் அதையும் அபசகுனம் என்பார்கள் என்று அடக்கிக்கொண்டிருந்தாள் போல.

"நீ இப்ப அவங்ககிட்ட என்ன சொல்லப் போற தம்பி?"

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லீங்கம்மா. பாட்டு வர வைக்கப் போறேன். பேசறது நீங்க பாத்துக்கங்க."

அந்த அம்மா டார்ச்சை என்னிடம் கொடுத்தார்.

அங்கே ஆம்பைச் சரி செய்ய முடியாது. ஈரம் உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது, எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கோ மலை மேல் என் கைவித்தையைக் காட்ட ஆசை. இதையே உலர்த்தி, துடைத்து, மறுபடி அதிர வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நல்லவேளை, முருகன் தடுத்தான். மறுபடி ஒரு தரம் டப்பென்று ஆனால் அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது வாய்ப்பு கிடையாது. நெருக்கடியில் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டாதீர்கள் தம்பிகளே. இருக்கிறதிலேயே நிச்சயமான வழி எதுவோ அதில் போங்கள்.

நிச்சயமான வழி ஒன்று இருந்தது. கம்பெனி ஒயரை நான் எப்போதும் வெட்ட மாட்டேன். செட்டுக்குப் பின்னால் ஒயர்கள் செருகும் கம்பெனி கப்ளரைக் கழற்றி, நடுவில் என் கப்ளரைச் செருகித்தான் ஆம்புக்கு வழி எடுப்பேன். வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதைவிட வேலை அதிகம், ஆனால் வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். என் கப்ளரைப் பிடுங்கிவிட்டு, கம்பெனிக் கப்ளரை அதன் இடத்திலேயே செருகிவிட்டால், வண்டி கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே பாடும். அதிராது. ஆனால் பாடும்.

"தம்பி, இன்னைக்கு அதிராதுங்க, பரவாயில்லீங்களா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"அண்ணா, சும்மா முனகுனாக்கூடப் போதுங்கண்ணா" என்றான்.

முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டைக் கழற்றினேன். புது வண்டியின் நெஞ்சைத் திறக்கும்போது சொந்தக்காரக் கூட்டம் சுற்றி நின்று பார்த்தால் கை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கிளிப் 'டக்' என்று விட்டபோது, "அய்யய்யோ ஒடைச்சுப்போட்டான்" என்றார் அத்தை. "அது கழட்டற சத்தமுங்க, பல்லு செட்டுக் கழட்டற மாதிரி" என்று எடப்புளிக்காரர் சொல்ல, கூட்டத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அவரை அன்றைக்கு அம்மன்தான் என்னோடு அனுப்பினாள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

கப்ளரை மாற்றிச் செருகிவிட்டேன். ஆனால் ஒரு சந்தேகம் நெஞ்சில் முள் மாதிரி நின்றது. ஆம்ப் போனபோது செட்டையும் சேர்த்து இழுத்திருந்தால்? கழற்றும் முன்னால் பார்த்தபோது செட்டில் விளக்கு எரிந்தது, சிடி சுற்றியது. ஆனாலும் சத்தம் வெளியே வருமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஸ்விட்சில் கை வைக்கப் போனேன். யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அந்த அம்மா.

"நீ போடாத தம்பி."

"ஒருதடவ பாத்துக்கறனுங்கம்மா…"

"நீ போட்டுப் பாடி, அப்பறம் அவ போட்டா, மெக்கானிக்கு வந்து சரி பண்ணிட்டுப் போனான், அவ ராசி அப்பிடியேதான் இருக்குதும்பாளுங்க. மொதல்ல அவ கைதான் படோணும்."

நியாயம். அவர் ஊரை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். ஆனால் பாடாவிட்டால்? நான் அவருக்கு மட்டும் கேட்கும்படி, "சத்தத்தக் கொறைச்சு வெச்சு, காதுல மட்டும் கேட்டுப் பாத்துக்கட்டுங்களா?" என்றேன். தலையசைத்தார். சத்தத்தை அடியில் வைத்து செட்டைப் போட்டுவிட்டு, கதவில் ஸ்க்ரூ முடுக்குகிற மாதிரிக் குனிந்து, ஸ்பீக்கர் மேல் காதை ஒட்டினேன். ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. அது கதவிலிருந்து வருகிறதா, காது குத்துக் கூட்டத்து நாதஸ்வரமா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் பக்தி, இரண்டும் சன்னமாகக் கேட்கிறது. செட்டை அணைத்துவிட்டு, கேட்டதாகவே நினைத்துக்கொள்வோம் என்று எழுந்தேன். "இனி அம்மிணி போடட்டுமுங்க" என்றேன்.

அந்த அம்மா நேராகக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். இடுப்பில் கை, கண் நாத்தனார் மேல்.

"நங்கை, எல்லாரும் கேட்டுக்கங்க. பாட்டு நின்னதுக்கு ஆருங் காரணமில்ல, நாந்தான். பளபளன்னு இருக்குதேன்னு அந்த மிஷினுக்குப் பொட்டு வெச்சு, மஞ்சத் தண்ணி ஊத்துனது நானு. கரண்டு மேல தண்ணி ஊத்துனா அணையாம என்ன பண்ணும்? எம்மருமவ ஏறுனதுனால நின்னுதாம்! அவ ஏறுனதுனாலதான் அம்மன் டப்புனு சத்தம் போட்டுச் சொல்லிச்சு, 'ஏய் கெழவி, தண்ணி ஊத்திருக்கறடி, பாருடி'ன்னு. இல்லீன்னா வளைவுல போயி எரிஞ்சிருந்தா என்ன ஆகறது? எல்லாரையுங் காப்பாத்துனவ அவ. இனி ஆராச்சும் வாயத் தொறந்தீங்கன்னா, இந்தக் கிண்ணத்துல மீதிச் சந்தனம் இருக்குது, வாயில அப்பிப்போடுவேன்."

ஆம்பிலிருந்து தீ வரும் ஆபத்து இருந்ததா என்று என்னைக் கேட்டால், ஃப்யூஸ் இருந்தது, பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

அந்த அம்மா மருமகளின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்சீட்டில் உட்கார வைத்தார். "போடு கண்ணு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எது ஸ்விட்ச் என்று அவளுக்குத் தெரியவில்லை. காட்டினேன். அமுக்கினாள். சத்தம் வரவில்லை. ஒரு விநாடிதான், ஆனால் அந்த விநாடியில் என் கடை, என் முப்பது வருஷத் தொழில், என் முருகன் எல்லாமே அந்தக் கதவுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் நினைவு வந்தது, சத்தத்தை அடியில் வைத்தது நான்தானே! "திருகுங்க அம்மிணி, வலது பக்கமா" என்றேன். திருகினாள்.

அம்மன் பாட்டு நாலு கதவிலிருந்தும் கிளம்பியது. அதிரவில்லை. நெஞ்சில் இடிக்கவில்லை. ஆனால் அவ்வளவு இனிமையாக ஒரு கம்பெனி செட் பாடி நான் கேட்டதில்லை. பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு மரத்துப் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளைப் பையன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

அத்தை மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "நவுரு, நான் சன்னலோரம் உக்காரோணும். எனக்கு வளைவுல தலை சுத்தும்" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார். பஸ் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மஞ்சுக்குள் ஹாரன் அடித்துக்கொண்டே வண்டி இறங்கிப் போனது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை ஆம்பைச் சரி செய்ய வண்டியைக் கொண்டுவந்தான். அம்மாவும் மருமகளும் கூட வந்தார்கள். நான் ஆம்பைக் கழற்றி, சந்தனத்தை ஸ்பிரிட்டால் கழுவி, வெயிலில் காய வைத்து, போன ஒரு பாகத்தை மாற்றினேன். இந்தத் தடவை படுக்க வைக்கவில்லை, பெட்டியின் பக்கவாட்டில் நிறுத்தி வைத்து, மேலே ஒரு மூடி போட்டேன். நீல விளக்கு தெரிவதற்கு அதில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் விட்டேன். போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளைக்கு மறுபடியும் பழைய சிரிப்பு.

அந்த அம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மடியில் எதையோ வைத்துக்கொண்டு எடுக்காமல் தயங்கினார். எனக்குப் புரிந்தது.

"கொண்டு வந்திருக்கறீங்களா?"

"கொண்டு வந்தேன். வெக்கலீன்னா மனசு ஆறல தம்பி. வெச்சாப் பயமா இருக்குது."

கடையில் கிடந்த ஒரு சின்னப் பலகைத் துண்டை எடுத்து, தேய்த்து வழவழப்பாக்கி, வூஃபர் பெட்டியின் முன்பக்கம், ஒயர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்து அறைந்தேன். "இங்க வையுங்கம்மா. எவ்வளவு வேணும்னாலும் வையுங்க. தண்ணி வேணும்னா சக்கரத்துக்கு ஊத்திக்கலாமுங்க."

அதற்குப் பிறகு நான் பொருத்திக் கொடுத்த ஒவ்வொரு பெட்டியிலும் அப்படி ஒரு பலகை வைத்தேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் பார்த்ததுமே புரிந்தது. நீங்களும் வையுங்கள் தம்பிகளே. நம் ஜனங்கள் பொட்டு வைக்காமல் விடமாட்டார்கள். விடவும் வேண்டாம்.

அன்று அந்த அம்மா கிண்ணத்தைத் திறந்து, சந்தனத்தைக் குழைத்து, பலகைக்குக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்தார். கிண்ணத்தை மருமகளிடம் நீட்டினார்.

"நீ வை கண்ணு. ஊட்டு விளக்கே நீதான் ஏத்தற, இதென்ன."

அவள் மோதிர விரலால் தொட்டு வைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. அந்த அம்மா தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.